சின்னக் குழந்தையோடு டர்பன் உஷாக்கா: திட்டமிடுவதிலிருந்து வீடு திரும்பும் வரை

டிசம்பர் பிறந்தால் ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கத்து உறவுக்காரர்கள் டர்பனுக்கு இறங்கிவிடுவார்கள். சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் வந்ததும் கேட்பது, "உஷாக்காவுக்கு எப்போது போகலாம்?" என்றுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையில் மீன்காட்சியகமும் தண்ணீர் விளையாட்டுகளும் உள்ள பூங்கா அது. அப்படி வந்த பல குடும்பங்களோடு நானும் போயிருக்கிறேன். எல்லோரும் தடுமாறுவது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான்.

பெரியவர்கள் பூங்காவில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்து நாளைத் திட்டமிடுகிறார்கள். இரண்டிலிருந்து ஐந்து வயது வரை உள்ள குழந்தை கூட வந்தால், அதன் மதியத் தூக்கத்தை முதலில் நடுவில் வைத்துவிட்டு, மீதியை அதன் இரண்டு பக்கமும் அடுக்க வேண்டும். கீழே சொல்லும் வரிசை முழுவதும் அந்தக் கணக்கில்தான் வருகிறது.

1. எந்தப் பூங்கா, அதில் எந்தப் பகுதி

ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா உள்ள கௌடெங் மாகாணத்தில் இருப்பவர்களுக்குப் பக்கத்திலேயே கோல்ட் ரீஃப் சிட்டி என்ற கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. பெரிய பிள்ளைகள் அங்கே அனகொண்டா, டவர் ஆஃப் டெரர் போன்ற ரைடுகளுக்காகவே போவார்கள். சின்னவர்களுக்கான ரைடுகளும் உண்டு. ஆனால் அண்ணனும் அக்காவும் வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் சின்னது வெயிலில் கீழே காத்திருக்க வேண்டும். வீட்டில் எட்டு வயதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் அது நல்ல தேர்வு. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும் என்றால் நான் உஷாக்காவைத்தான் சொல்வேன். மீனையும் பென்குவினையும் பார்க்க உயரக் கணக்கு எதுவும் இல்லை.

உஷாக்கா மரீன் வேர்ல்ட் டர்பன் கடற்கரையின் தெற்குக் கோடியில், பாயிண்ட் பகுதியில் இருக்கிறது. 2004-ல் திறந்த பூங்கா. சீ வேர்ல்டில் மீன்காட்சியகம், டால்ஃபின், சீல், பென்குவின். வெட் அண்ட் வைல்டில் நீச்சல் குளங்கள், தண்ணீர் ஸ்லைடுகள். வில்லேஜ் வாக் என்பது கடைகளும் சாப்பாட்டு இடங்களும் உள்ள தெரு. அதற்குள் நுழைய டிக்கெட் வேண்டாம். சிறுவர் விளையாட்டுப் பகுதி ஒன்றும் தனியாக உண்டு.

மூன்று வயதுக்குக் கீழே என்றால் ஒரே நாளில் சீ வேர்ல்டும் தண்ணீர்ப் பகுதியும் வேண்டாம். ஏதாவது ஒன்றே அந்த வயதுக்கு நிறைவான நாள். நாலு, ஐந்து வயதானால் இரண்டையும் பார்க்கலாம், கீழே சொல்கிற வரிசையில் போனால்.

2. நாளைத் தேர்ந்தெடுப்பது

பள்ளி விடுமுறைக்கு வெளியே, செவ்வாயிலிருந்து வியாழனுக்குள் ஒரு நாள் கிடைத்தால் அதுதான் நல்லது. பள்ளிக்குப் போகாத குழந்தைக்கு விடுமுறைக் கூட்டத்தில் போய் நிற்க வேண்டிய அவசியம் என்ன? விடுமுறையில்தான் முடியும் என்பவர்கள் டிசம்பர் 16, 26, ஜனவரி 1 ஆகிய மூன்று நாள்களையாவது தவிர்த்துவிடுங்கள். அந்த நாள்களில் டர்பன் கடற்கரை முழுவதும் தலைகளாகத்தான் தெரியும். கார் நிறுத்த இடம் கிடைப்பதற்குள் குழந்தையின் பொறுமை தீர்ந்துவிடும்.

நம் வீட்டு நாள்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் போய்விட்டு மறுநாள் காலையே பூங்கா என்று போடுகிறார்கள். முதல் நாள் முழுக்கக் கூட்டத்திலும் வெயிலிலும் தூங்காமல் இருந்த குழந்தை மறுநாள் எதையும் ரசிக்காது. நடுவில் ஒரு நாள் சும்மா விடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் கூழ் ஊற்றும் வாரக்கடைசிகளுக்கும் இதே யோசனைதான்.

பருவத்தைப் பொறுத்தவரை, டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை டர்பன் புழுங்கும். பிற்பகலில் இடி மழை வரலாம். இடி கேட்டால் தண்ணீரை விட்டு வெளியேற வேண்டும், அதனால் தண்ணீர் விளையாட்டைக் காலையிலேயே முடிப்பது நல்லது. ஜூன், ஜூலையில் வானம் தெளிவாக இருக்கும், பகலில் இதமான வெயில் அடிக்கும், ஆனால் குளத்துத் தண்ணீர் சின்ன உடம்புக்குக் குளிரும்.

சீ வேர்ல்டுக்கும் தண்ணீர்ப் பகுதிக்கும் நேரங்கள் தனித்தனி. குளிர்காலத்திலும் விடுமுறை இல்லாத வார நாள்களிலும் ஒன்று திறந்து மற்றொன்று மூடியிருக்கலாம். புறப்படும் வாரத்தில் பூங்காவின் இணையதளத்தில் இரண்டையும் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வந்து, மூடிய ஸ்லைடைக் குழந்தைக்குக் காட்டிச் சமாதானம் சொல்கிற பெற்றோர் எப்போதும் சிலர் இருப்பார்கள்.

3. உயரம் அளந்த பிறகு டிக்கெட்

டிக்கெட் வாங்குவதற்கு முன் வீட்டுச் சுவரோரம் குழந்தையை வெறுங்காலோடு நிறுத்தி அளந்து கொள்ளுங்கள். தண்ணீர் ஸ்லைடில் செருப்பு இல்லாமல்தான் அளப்பார்கள். கோல்ட் ரீஃப் சிட்டி போன்ற இடத்தில் ஷூவோடு அளந்தாலும், தடித்த அடிப்பகுதியை நம்பிக் குழந்தைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

அளந்ததும் எந்த ஸ்லைடுக்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை என்பதைக் குழந்தையிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். வரிசையில் அரைமணி நேரம் நின்ற பிறகு உயரம் அளக்கும் கம்பத்தருகே "நீ இன்னும் வளரணும்" என்று கேட்கும் குழந்தைக்கு அது பெரிய துக்கம்.

டிக்கெட்டில் பணம் வீணாவது எல்லோருக்கும் ஒரே மாதிரி வாங்குவதால். ஆயா, தாத்தா தண்ணீரில் இறங்கப் போவதில்லை என்றால் அவர்களுக்குச் சீ வேர்ல்ட் மட்டும் போதும். முதியோர் சலுகை கேட்க அவர்களுடைய அடையாள அட்டை கையில் இருக்கட்டும். குழந்தையின் வயதுக்குச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வருகிறவர்கள்

என்3 நெடுஞ்சாலை வழியாக ஏறக்குறைய 570 கிலோமீட்டர். பெரியவர்கள் மட்டும் என்றால் ஆறு மணி நேரம். சின்னக் குழந்தையோடு எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினால் குழந்தை முதல் இரண்டு மணி நேரம் தூங்கிக்கொண்டே வரும். ஹாரிஸ்மித்தில் நிறுத்திக் காலைச் சாப்பாடு. ஆனால் வயிறு முட்டக் கொடுக்காதீர்கள், அதற்கு அடுத்து வருவது வான் ரீனன் மலைப்பாதை. அந்த வளைவுகளில்தான் பிள்ளைகள் வாந்தி எடுக்கும். மூடுபனியும் சரக்கு லாரிகளும் உள்ள இடம் என்பதால் நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது.

மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை கார் சீட்டில்தான் உட்கார வேண்டும் என்பது 2015 ஏப்ரல் 30 முதல் தென்னாப்பிரிக்கச் சட்டம். மூன்று தாண்டினாலும் சீட்டை எடுத்துவிடாதீர்கள். "அத்தை மடியில் உட்காரட்டும்" என்பது நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது. மோதும் வேகத்தில் மடியில் இருக்கும் பிள்ளையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது.

வந்து சேர்ந்த நாளன்று பூங்கா வேண்டாம். அன்று மாலை கடற்கரை நடைபாதையில் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள், சீக்கிரம் தூங்க வையுங்கள்.

5. பையில் என்ன இருக்க வேண்டும்

இரண்டு பைகள் கட்டுங்கள்: ஒன்று ஈரப் பை, ஒன்று உலர்ந்த பை. எல்லாவற்றையும் ஒரே பெரிய பையில் திணித்தால் பதினோரு மணிக்குள் மாற்றுத் துணியும் நனைந்துவிடும்.

ஈரப் பையில் துண்டு, முழுக்கை ரேஷ் வெஸ்ட் (தண்ணீரில் போடும், உடம்பை ஒட்டிய மேல்சட்டை), கழுத்து மறைக்கும் தொப்பி, தண்ணீரில் போடக்கூடிய செருப்பு. கழிப்பறைப் பழக்கம் வராத குழந்தைக்கு நீச்சல் நாப்பி கட்டாயம். சாதாரண நாப்பி தண்ணீரை உறிஞ்சி ஊதி, கிழிந்து, குளத்தையே அழுக்காக்கும்.

உலர்ந்த பையில் இரண்டு செட் துணி, ஒரு மெல்லிய ஸ்வெட்டர், வழக்கமாகத் தூங்கும்போது பிடித்துக்கொள்ளும் துணியோ பொம்மையோ. அது இல்லாமல் பல பிள்ளைகள் வெளியிடத்தில் கண்ணை மூடவே மாட்டார்கள்.

பெண்களுக்கு ஒரு சொல். சேலையோடோ சுரிதாரோடோ ஸ்லைடில் ஏற விடமாட்டார்கள். துப்பட்டா, ஜிப், உலோகப் பொத்தான் எல்லாம் சிக்கிக்கொள்ளும், ஸ்லைடையும் கீறும். நீச்சல் உடை வேண்டாம் என்பவர்கள் நீண்ட லெக்கிங்ஸும் முழுக்கை ரேஷ் வெஸ்ட்டும் எடுத்து வந்தால் குழந்தையோடு இறங்கலாம். இதை யோசிக்காமல் வருகிற அம்மாக்கள் நாள் முழுவதும் கரையில் பைக்குக் காவல் இருக்கிறார்கள். அது தேவையில்லாத இழப்பு, ஏனென்றால் குழந்தை முதலில் தேடுவது அம்மாவைத்தான்.

சாப்பாடு விஷயத்தில், பிரியாணிப் பாத்திரமும் கூலர் பாக்ஸும் உள்ளே கொண்டுபோகலாம் என்று எண்ணி வராதீர்கள். வெளிச் சாப்பாட்டுக்கான விதியைப் பூங்காவில் முன்கூட்டியே கேளுங்கள். குழந்தை உணவும் தண்ணீரும் தனிச் சிறு டப்பாவில் இருக்கட்டும். செப்டம்பர் கடைசி விடுமுறையில் வந்தால் அது புரட்டாசி. மரக்கறி மட்டும் சாப்பிடும் வீடுகள் இட்லியோ ரொட்டியோ காரில் தயாராக வைத்திருந்தால், கடை கடையாக விசாரிக்கும் வேலை மிச்சம்.

6. முதல் நாள் இரவு குழந்தையிடம் பேசுவது

நாளைக்கு என்ன நடக்கும் என்பதை வரிசையாகச் சொல்லுங்கள்: முதலில் தண்ணீர், அப்புறம் சாப்பாடு, அப்புறம் தூக்கம், அப்புறம் டால்ஃபின், அப்புறம் வீடு. அடுத்து என்ன என்று தெரிந்த குழந்தை தண்ணீரிலிருந்து ஏறச் சொன்னால் குறைவாகத்தான் அடம் பிடிக்கும்.

தொலைந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அன்றே பழக்குங்கள். நின்ற இடத்திலேயே நில், சீருடைக்காரரையோ பிள்ளையோடு இருக்கும் ஓர் அம்மாவையோ கேள். அம்மா பெயர் "அம்மா" என்று மட்டும் சொல்லும் பிள்ளைக்கு முழுப் பெயரையும் சொல்லிக் கொடுங்கள். காலையில் கிளம்பும்போது உங்கள் போன் எண்ணை அழியாத பேனாவால் உள்ளங்கையில் அல்ல, முன்கையின் உட்புறத்தில் எழுதுங்கள். உள்ளங்கையில் எழுதினால் முதல் ஸ்லைடிலேயே அழிந்துவிடும்.

7. வாசலில் முதல் அரைமணி

திறப்பதற்கு முன்பே வந்து சேருங்கள். வெயிலுக்கு முன் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக நாளின் வேறெந்த நேரமும் வராது.

கார் நிறுத்துமிடத்திலேயே சன் க்ரீம் பூசிவிடுங்கள், தண்ணீரில் இறங்க இருபது நிமிடம் முன்னதாக. குளத்தோரம் பூசி உடனே இறக்கினால் பாதி தண்ணீரோடு போய்விடும். நம் தோல் கறுப்புதானே, எரியாது என்று தாத்தாக்கள் சொல்வார்கள். டர்பன் வெயில் எல்லாத் தோலையும் எரிக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, தண்ணீரிலிருந்து ஏறும்போதெல்லாம் மறுபடி பூச வேண்டும்.

நுழைவதற்கு முன் குழந்தையை முழு உருவமாக ஒரு படம் எடுங்கள். தேட வேண்டி வந்தால், என்ன நிறச் சட்டை என்று பதற்றத்தில் யாருக்கும் நினைவு வராது. உள்ளே போனதும் அன்றைய ஷோ நேரங்களைப் பார்த்து ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள், தூக்கத்துக்குப் பிறகு வருவதாக.

8. காலையில் தண்ணீர்

பெரும்பாலானவர்கள் முதலில் மீன்காட்சியகத்துக்குள் போய்விட்டு, சூடேறியதும் தண்ணீருக்கு வருகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி வந்தால் பதினோரு மணியிலிருந்து இரண்டு மணி வரை, உச்சி வெயிலில், நீண்ட வரிசையில், தூக்கம் சொக்கும் குழந்தையோடு நிற்பீர்கள். கோடையில் இதைத் திருப்பிப் போடுங்கள். தண்ணீர்ப் பகுதி திறந்த உடனே அங்கே போங்கள். அது சீ வேர்ல்டுக்குப் பிந்தித் திறக்கும் நாளானால் இடைப்பட்ட நேரத்தில் பென்குவின்களைப் பார்க்கலாம்.

குளிர்காலத்தில் மட்டும் வேறு கணக்கு. காலையில் மீன், பதினோரு மணிக்குத் தண்ணீர், ஒரு மணிக்கு வெளியே.

தண்ணீரில் முதலில் ஆழமில்லாத குழந்தைகள் குளம். பதினைந்து நிமிடம் அங்கே பழகிய பிறகுதான் மற்றவை. அண்ணன்மார் உற்சாகத்தில் நேராக ஸ்லைடுக்குத் தூக்கிப் போனால், பயந்த பிள்ளை அன்று முழுவதும் தண்ணீர்ப் பக்கமே வராது.

காவல் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். பத்துப் பேர் கொண்ட குடும்பத்தில் ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்த்துக்கொள்வதாக நினைப்பார்கள். மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டாது, சத்தமில்லாமல் கீழே போகும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரே ஒருவர், பெயர் சொல்லி. "இப்போது சித்தப்பா பார்க்கிறார்." அவர் போனைத் தொடக்கூடாது, குழந்தை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இருபது நிமிடம் கழித்து அடுத்தவர் "நான் பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே அவர் கண்ணை எடுக்கலாம். உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்களே என்பது பதில் ஆகாது. அவர்கள் முன்னால் நூறு பிள்ளைகள். காற்றடைத்த கைப்பட்டைகள் விளையாட்டுச் சாமான்கள்தான், காப்புக் கருவி கிடையாது.

உதடு நீலமாகவோ உடம்பு நடுங்கவோ தொடங்கினால், குழந்தை வேண்டாம் என்று அழுதாலும் ஏற்றிவிடுங்கள்.

9. மதியம்: சாப்பாடு, தூக்கம், நிழல்

பதினொன்றரைக்கு ஏற்றி, நல்ல தண்ணீரில் குளிக்க வைத்து, முழுவதும் உலர்ந்த துணிக்கு மாற்றுங்கள். ஈர உடையோடு சாப்பிட உட்காரும் குழந்தைக்குத் தொடை உரசிப் புண்ணாகும், பிற்பகல் நடக்காது. பன்னிரண்டு மணிக்கு முன் சாப்பிட்டுவிட்டால் கடைகளில் கூட்டமும் இருக்காது.

பெரியவர்கள் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு நிரப்பிய டர்பன் உணவு) தேடிப் போகட்டும். குழந்தைக்குக் காரமில்லாத, பழகிய உணவு. கூடவே தண்ணீர், அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் எட்டு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குழந்தை சோர்ந்து துவண்டாலோ சிறுநீர் போகாவிட்டாலோ வீட்டு வைத்தியம் போதாது, மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம் ப்ராமில் (குழந்தைத் தள்ளுவண்டியில்) படுக்க வைத்து மீன்காட்சியகத்துக்குள் தள்ளிக்கொண்டு போங்கள். கரைதட்டிய பழைய கப்பல் போலக் கட்டியிருக்கும் இடத்தின் கீழே, தரைமட்டத்துக்கு அடியில் தொட்டிகள் இருக்கின்றன. இருட்டு, குளிர்ச்சி, மெல்லிய நீல வெளிச்சம். வெளியே மதியம் கொதிக்கும்போது சின்னக் குழந்தை தூங்க இதைவிட நல்ல இடம் அந்தப் பூங்காவில் கிடையாது. நான்கு வயதானாலும் ப்ராமை வீட்டில் விட்டு வராதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். சிறிய ஸ்வெட்டர் இப்போது உதவும்.

குழந்தை தூங்கும் நேரம் பெரியவர்களுடையது. இருவர் ப்ராமோடு சுறாத் தொட்டியருகே இருக்க, மற்றவர்கள் பெரிய ஸ்லைடுகளுக்குப் போய் வரலாம், அப்புறம் மாறிக்கொள்ளலாம். விழித்த பிறகு அதே தொட்டிகளைக் குழந்தையோடு இன்னொரு முறை, இந்த முறை அது நிற்கும் இடத்தில் நின்று. ஒரு சின்ன மீனையே பத்து நிமிடம் பார்த்தால் பார்க்கட்டும், இழுக்காதீர்கள்.

10. ஒரே ஒரு ஷோ, பிறகு வெளியே

டால்ஃபின் ஷோவுக்கு இருபது நிமிடம் முன்னதாகப் போய், நடைபாதையோர இருக்கையாகப் பிடியுங்கள். முன் வரிசையில் தண்ணீர் தெறிக்கும். இப்போதுதானே உலர்ந்த துணி போட்டீர்கள். பாட்டுச் சத்தம் அதிகமாக இருக்கும். காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையாக இருந்தால், ஒலிபெருக்கி எந்தப் பக்கம் இருக்கிறதென்று பார்த்து உட்காருங்கள்.

ஷோ முடிந்ததும் கிளம்புங்கள். "இவ்வளவு பணம் கொடுத்து வந்தோம், மூடும் வரை இருப்போம்" என்ற எண்ணம்தான் நல்ல நாளைக் கடைசி ஒரு மணி நேரத்தில் கெடுக்கிறது. பரிசுப் பொருள் வாங்குவதாக இருந்தால் ஒன்றுதான், விலை வரம்பு இவ்வளவுதான் என்று கடைக்கு வெளியிலேயே பேசி முடியுங்கள்.

இன்னும் தெம்பு இருந்தால் பக்கத்திலேயே உஷாக்கா கடற்கரை. மணலில் விளையாட நல்ல இடம். கடலில் கால் நனைப்பதானால் உயிர்காப்பாளர் நட்ட கொடிகளுக்கு நடுவில் மட்டும். பெருமழைக்கு அடுத்த நாள்களில் ஆறும் மழைநீர்க் கால்வாய்களும் அழுக்கைக் கடலில் கொட்டும். அப்போது தண்ணீர் வேண்டாம், நடைபாதை போதும். துறைமுக வாய் வரை நடந்தால் கப்பல் பார்க்கலாம்.

அன்று இரவே ஜோஹன்னஸ்பர்க்குக்குத் திரும்பக் கிளம்பாதீர்கள். வெயிலிலும் தண்ணீரிலும் களைத்த ஓட்டுநர், இருட்டு, லாரிகள், மலைப்பாதை எல்லாம் ஒன்றாகச் சேரும். டர்பனிலேயே சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ உறவுக்காரர் வீட்டில் படுத்து எழுந்து, பகல் வெளிச்சத்தில் வான் ரீனனைக் கடக்கிற மாதிரி விடிந்ததும் புறப்படுங்கள். ஈரத் துணிகளை இரவே அலசிக் காயப் போட்டுவிடுங்கள். குளோரின் தண்ணீரோடு பையில் மூடிக் கிடந்தால் நாற்றம் எடுக்கும், ரேஷ் வெஸ்ட் சீக்கிரம் நைந்துபோகும்.